முதல்ல நீ தூங்கு

கார்டு மிஷினிலிருந்து வெறும் வெள்ளைத் தாள்தான் வந்தது. மயானத்தின் கட்டணக் கவுன்ட்டரில் இருந்தவர் அதைக் கிழித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மறுபடி பொத்தானை அழுத்தினார். மறுபடியும் வெள்ளைத் தாள்.

"பணம் போயிடுச்சும்மா. ரசீதுதான் வர மாட்டேங்குது," என்றார். "ரசீதைக் காட்டினாத்தான் உள்ள எடுப்பாங்க."

"இந்த நேரத்துலதான் இப்படி ஆகணுமா?" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"பதறாதீங்க. இதுக்குன்னு ஒருத்தர் இருக்காரு. ஒரு போன் போட்டா உடனே வழி சொல்லிடுவாரு." அவர் மிஷினைக் கவிழ்த்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து எண்களை அழுத்தினார்.

மகளுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

மகள் அவளைப் பார்த்தாள். அவள் கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போன் விடாமல் அடித்தது. கவுன்ட்டர்காரர் காதில் வைத்தபடியே, "எப்பவும் சட்டுனு எடுக்கற மனுஷன், இன்னைக்குன்னு பாத்து..." என்று குறைபட்டுக்கொண்டார். அந்த மனுஷன் வெளியே வண்டிக்குள் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார்.

அவள் கையை நீட்டி மிஷினை வாங்கினாள். மூடியைத் திறந்து, தாள் உருளையை எடுத்துத் திருப்பிப் போட்டு மூடினாள். அந்தத் தாளில் ஒரு பக்கம்தான் அச்சு விழும், பளபளப்பான பக்கம். புதிதாக உருளை மாற்றுகிறவர்கள் பாதிப் பேர் தலைகீழாகத்தான் போடுவார்கள். பொத்தானை அழுத்தியதும் ரசீது கிர்ரென்று வெளியே வந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"வீட்ல பாத்திருக்கேன்," என்றாள்.

போனைத் தொடக்கூடாது என்பது வக்கீலின் உத்தரவு. முந்தைய நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் செய்தி சொன்னபோது அவர் முதலில் "ஐயோ" என்றார், அடுத்ததாக "போன் எங்க இருக்கு?" என்றார். "சார்ஜ் இறங்காம பாத்துக்கோங்கம்மா. எதையும் அழிச்சிடாதீங்க. யாருக்கும் பதில் போடாதீங்க. அவர் இல்லாத நிலைமையில கேஸுக்கு அந்த மெசேஜ்தான் நமக்குச் சாட்சி." அதனால் அழுவதற்கு நடுவே அதற்குச் சார்ஜும் ஏற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். காலையிலிருந்து அது கைப்பைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைக்காரர்கள் இறந்தவருக்கே இரங்கல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'அண்ணே, உங்கள் மறைவு எங்களுக்குப் பேரிழப்பு' என்று ஒரு மருந்துக் கடைக்காரர் போட்டிருந்தார். அதற்குக் கீழேயே, 'காலையிலேருந்து மிஷின்ல சிக்னல் இல்லண்ணே, யாராச்சும் வருவாங்களா?' என்று அவரே போட்டிருந்தார். இதை அனுப்பிச் சிரிக்க அவளுக்கு வேறு ஊரில் ஒரு ஆள் இருந்தார். கேஸ் என்று ஆனபிறகு அவருக்கு அனுப்ப முடியாது.

கடைவீதியில் அவள் கணவருக்கு மிஷின்காரர் என்றே பெயர். கடைகளில் கார்டு மிஷின் வைப்பதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. அவருடைய கூட்டாளிக்கு பேங்க்காரர் என்று பெயர். அவர் எந்த பேங்கிலும் வேலை பார்த்தவர் இல்லை. பேங்குகளோடு மல்லுக்கட்டி, கார்டில் தேய்த்த பணம் மறுநாள் ஒழுங்காகக் கடைக்காரர் கணக்கில் விழும்படி பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதற்காக வேறு ஊரில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் சேர்ந்து, ஒரே முதலாளியிடம் திட்டு வாங்கி, ஒரே நாளில் விட்டு வந்த சிநேகிதர்கள்.

மிஷின்காரருக்கு எழுத்து என்றாலே வேப்பங்காய். பேச்சும் அளந்துதான் வரும். நாள் முழுக்க வண்டியில் கடை கடையாக அலைகிறவர் வருகிற மெசேஜுக்கெல்லாம் எங்கே பதில் போடுவது? தொழில் தொடங்கிய புதிதில் ஆள் வைக்க வசதியில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, தன் போனுக்கு வரும் மெசேஜெல்லாம் அதிலும் தெரிகிற மாதிரி இணைத்து, அதன் முன்னால் அவளை உட்காரவைத்தார். "நானே போடற மாதிரி போடு. வீட்டம்மா போடறாங்கன்னு தெரிஞ்சா ஒரு பய மதிக்க மாட்டான்," என்றார்.

அப்படித்தான் பேங்க்காரருக்கும் அவளே பதில் போடும்படி ஆகிப்போனது. முதலில் ஒவ்வொன்றையும் கணவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே, "சரின்னு போட்டுடு," என்பார். போகப் போக, "நீயே ஏதாவது போட்டுடு, ஆளை விடு," என்றார். 'டேய், சாப்பிட்டியாடா?' என்று பேங்க்காரர் கேட்பார். அதற்கெல்லாமா போன் போட்டுக் கேட்க முடியும்? 'ஆச்சுடா. நீ?' என்று போட்டாள்.

வேற்று ஆண் ஒருவரை அவள் 'டா' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று கூச்சமாக இருந்தது. அப்புறம் பிடித்துப்போயிற்று. பேங்க்காரருக்கு லிஃப்ட் என்றால் பயம். மாடிப்படி ஏறிப் போய், சொட்டச் சொட்ட வியர்வையோடு மேனேஜர் முன்னால் உட்காருவார். மனைவி பிரிந்துபோனபிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக பிஸ்கெட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுப்பார். ஒரு மேனேஜரின் டோப்பா மின்விசிறிக் காற்றில் தூக்கிக்கொண்ட கதையை அவர் எழுதியபோது அவள் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளும் எழுதினாள். மாடி வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தத்தைப் பற்றி, எதற்கென்று தெரியாமல் மனசு கனத்துப்போகும் மத்தியானங்களைப் பற்றி, மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருப்பதைப் பற்றி. எல்லாம் ஆம்பளைப் பேச்சில்தான். 'உனக்குள்ள இவ்வளவு இருக்கா? நேர்ல பாத்தா கல்லு மாதிரி உக்காந்திருக்கியேடா' என்று ஒரு தடவை அவர் போட்டார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதே மனிதர் கணக்கு முடிக்க வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். "நல்லாயிருக்கீங்களா தங்கச்சி?" என்பார். "நல்லாயிருக்கேண்ணா," என்று தண்ணீரை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சுற்றுலாக் கம்பெனியால் எல்லாம் கெட்டது. அது பேங்க்காரர் பிடித்துவந்த வாடிக்கை. முன்பணம் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் மிஷின் கொடுக்க வேண்டும். அவர் வாங்கவில்லை. சுற்றுலாக்காரன் ஊர்ப்பட்ட பேரிடம் கார்டு தேய்த்து வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். ஏமாந்தவர்கள் பேங்கில் புகார் கொடுத்தார்கள். பேங்க் அத்தனை பணத்தையும் இவர்கள் கணக்கிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. தொழிலுக்காக அடமானம் வைத்திருந்த மிஷின்காரரின் வீடு ஆட்டம் கண்டது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் பேங்க்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'தூங்கி மூணு நாளாச்சுடா. மொட்டை மாடியில நிக்கறேன். எதுக்கு ஏறி வந்தேன்னு தெரியல.' மிஷின்காரர் குளித்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. 'கீழ இறங்குடா. தப்பு யார் மேலன்னு அப்புறம் பாத்துக்கலாம். பணம் போனா போகுது. முதல்ல நீ தூங்கு' என்று போட்டாள். இறங்கிட்டியா, கதவைச் சாத்தினியா, தண்ணி குடிச்சியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் படுத்துவிட்டேன் என்று சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் நீளமாக ஒரு பதில் வந்திருந்தது. 'தப்பு என் மேலதான்டா. டெபாசிட் வாங்காம விட்டது நான். உன் வீட்டை ஆபத்துல வெச்சது நான். இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.'

மிஷின்காரர் அதை முதல் தடவையாகப் படித்தது வக்கீலின் ஆபீசில். வீட்டுக்கு வந்ததும், "இது நீ போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "பலே. அவன் வாயாலயே வாங்கிட்டியே," என்று முதுகில் தட்டினார். நஷ்டம் முழுவதும் கூட்டாளியையே சேரும் என்று கேஸ் போட்டார். அவள் எழுதியதும் அவர் எழுதியதும் பக்க எண் போட்டுக் கோர்ட்டுக்குப் போயின. அன்றோடு பேங்க்காரரின் மெசேஜ் நின்றது. அதற்குப் பிறகு அவளுடைய நாட்களில் கடைக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

முந்தைய நாள் காலையில், ஒரு கடைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த மிஷின்காரர் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தபிறகு, அந்த ஒற்றைக் கால் ஷூவைக் கழற்றும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கெட்டவர் இல்லை. எதையும் பேசாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ரசீதைக் காட்டியதும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். இரும்புக் கதவைச் சாத்தினார்கள். காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சுவரில் ஒரு திரையில் வரிசை எண் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு இதைப் பேசக்கூடாதும்மா. ஆனா அடுத்த வாரம் வாய்தா. கேஸ்ல இனிமே அவர் இடத்துல உங்க பேர்தான் வரும்."

அவள் தலையாட்டினாள்.

"ஒரே ஒரு கையெழுத்து வேணும். இந்த மெசேஜெல்லாம் என் கணவர் தன் கையால அனுப்பினதுதான்னு. அவர் வந்து சாட்சிக் கூண்டுல சொல்லியிருந்தா இதுக்குத் தேவையே இல்ல."

"ஒருவேளை வேற யாராவது அனுப்பியிருந்தா?"

வக்கீல் சிரித்தார். "அப்படி மட்டும் ஆயிருந்தா மொத்தமும் கவுந்துடும். யாரோ அவர் பேர்ல நைசா பேசி, ஏமாத்தி வாங்கின வார்த்தைன்னு எதிர்த்தரப்பு குதிச்சிடுவாங்க. அப்புறம் வீட்டை மறந்துட வேண்டியதுதான். நல்லவேளை, நமக்கு அந்தத் தொல்லை இல்ல."

அவர் எழுந்து போனதும் மகள் அந்த நாற்காலிக்கு வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அம்மாவின் காதோடு பேசினாள்.

"நீதான் தட்டினேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்மா. அப்பாவே சொல்லல. நீ ஏன் சொல்லணும்?"

"கையெழுத்துப் போடணுமே."

"போடு. வீட்டை விட்டுட்டு எங்க போவே? எங்க ரெண்டு ரூம் வீட்ல எத்தனை நாள் இருப்பே? மாப்பிள்ளை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா நீயே சங்கடப்படுவே."

மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அவள் எழுந்தாள். கட்டடத்தின் பின்பக்கம் குழாய்கள் வரிசையாக இருந்தன. கடைசிக் குழாயின் பக்கத்தில் பேங்க்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இளைத்திருந்தார். வலது முழங்காலைத் தாங்கி நின்றார். அந்த முழங்காலுக்கு எந்த டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். கேஸ் வந்தபிறகு அது என்ன ஆயிற்று என்று மட்டும் தெரியாது.

"வரலாமா வேண்டாமான்னு காலையிலேருந்து இங்கயே நிக்கறேன்," என்றார். "நான் வந்தது பிடிக்கலைன்னா போயிடறேன் தங்கச்சி."

"ஏண்ணா அப்படிச் சொல்றீங்க?"

"கேஸ் பத்திப் பேச வரல. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கோர்ட்டு வராந்தாவுல பக்கத்துலயே வந்து நின்னான். வாய் வரல எனக்கு. இப்ப உங்களை விட்டா கேக்க ஆளில்ல."

"கேளுங்க."

அவர் குழாயைத் திறந்தார். கையை நனைக்காமலே மூடினார்.

"சுற்றுலாக்காரன் ஓடின வாரம்... ஒரு நாள் சாயங்காலம் நான் மொட்டை மாடியில நின்னேன். கீழ இறங்குடான்னு போட்டான். முதல்ல நீ தூங்குன்னு போட்டான். அது அவனா போட்டதா, இல்ல வக்கீல் பக்கத்துல உக்காந்து போடச் சொன்னதா? அதெல்லாம் தூண்டில் சார், உங்க வாயிலேருந்து ஒப்புதல் வாங்கப் போட்டதுன்னு என் வக்கீல் சொல்றாரு. அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் தோணுது. ராத்திரியெல்லாம் அதே யோசனை." அவர் குழாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "அன்னைக்கு என்னை இறக்கினது அந்த வார்த்தைதான் தங்கச்சி. அதுவே பொய்னா, நான் எதைப் பிடிச்சு இறங்கி வந்தேன்?"

'நான்தான்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் தலைக்கு மேலே புகைபோக்கி தெரிந்தது. 'நான்தான்டா' என்றே வந்தது. சொல்லிவிட்டால் இந்த உலகத்தில் அவளைத் தெரிந்த ஒரு ஆள் இருப்பார். டோப்பா கதைக்குச் சிரித்தது யார், ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு! வீடு போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் அவர் வந்திருப்பது சிநேகிதனை வழியனுப்ப. நான்தான் என்று சொன்ன மாத்திரத்தில், உள்ளே எரிந்துகொண்டிருக்கிறவர் ஒரு நாளும் இவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை போடாதவர் ஆகிவிடுவார். சாப்பிட்டியா என்று கேட்காதவர். இவர் நம்பிச் சொன்னதைக் கோர்ட்டில் கொடுத்தவர் மட்டும்தான் மிஞ்சுவார். முழங்கால் வலியோடு ஊருக்குத் திரும்பப் போகிற இந்த மனிதரின் கையில் அதையா கொடுத்து அனுப்புவது?

வாசல் பக்கம் மகள் வந்து நின்றுவிட்டாள். கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"அவர்தாண்ணா போட்டார்," என்று அவள் பேங்க்காரரிடம் சொன்னாள். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன். குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்து உக்காந்தார். அப்ப வக்கீலும் இல்ல, கேஸும் இல்ல. அவருக்குக் கை நடுங்குச்சு. எழுத்தெல்லாம் மாத்தி மாத்தி விழுந்தது. நீங்க இறங்கிட்டீங்களான்னு கேட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, தண்ணி குடிக்கச் சொல்லி... நீங்க படுத்துட்டேன்னு போடற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அங்கயேதான் உக்காந்திருந்தார்."

பேங்க்காரர் அவளையே பார்த்தார்.

"அப்புறம் ஏன் தங்கச்சி கோர்ட்டுல குடுத்தான்?"

"வீடு போயிடுமோன்னு பயம்ணா. வேற ஒண்ணுமில்ல."

அவர் மெல்லத் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குழாயைத் திறந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பைத்தியக்காரப் பய," என்றார் முகத்தைத் துடைத்தபடி. "ஒரு வார்த்தை நேர்ல கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன். நான் சண்டை போட்டது பணத்துக்கா? பேச வெச்சு மாட்டிவிட்டுட்டான்னுதான். நாளைக்கே என் வக்கீல்கிட்ட சொல்லிடறேன். நஷ்டம் என்னோடது. வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டாங்க."

"ஐயோ அண்ணா, அதுக்காக நான் சொல்லல."

"தெரியும் தங்கச்சி. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

அவளுக்கு முகம் சுட்டது. இப்போது உண்மையைச் சொன்னாலும் அவரால் நம்ப முடியாது. நம்பினாலும், அத்தனை நேரம் வீட்டுக்காக நடித்தாள் என்றுதான் ஆகும்.

"ஒண்ணு கேட்டா சிரிக்கக்கூடாது," என்றார். "அவன் நம்பரை உடனே கட் பண்ணிடாதீங்க. நான் பாட்டுக்கு ஏதாவது போட்டுக்கிட்டு இருப்பேன். யாரும் படிக்க வேணாம், பதிலும் வேணாம். எனக்குச் சொல்லிப் பழகிப்போச்சு."

"சரிண்ணா," என்றாள்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவர் முழங்காலைத் தாங்கியபடி வாசல் பக்கம் போனார். மகள் ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "எப்படிம்மா சமாளிச்சே! எனக்கு மூச்சே நின்னுடுச்சு. கை நடுங்குச்சு, எழுத்து மாறுச்சுன்னு... நேர்ல பாத்த மாதிரியே சொல்றே." அவள் மகளின் கையை எடுத்துவிடவில்லை. வெயிலில் தலை சுற்றுவதாக மட்டும் சொன்னாள்.

வக்கீலுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சமரசம் என்றால் எல்லோருக்கும் நல்லது, கையெழுத்துகூடத் தேவைப்படாமல் போகலாம் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று போனை வாங்கி ஒரு உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மகள் உள்ளறையில் போய்ப் படுத்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் கூடத்தைப் பெருக்கினாள். நாற்காலிகளை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். செய்ய வேறு ஒன்றும் இல்லாதபோது கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். போன் உறைக்குள் போய்விட்டாலும் திரையில் எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. மருந்துக் கடைக்காரர் சிக்னல் வந்துவிட்டது, நன்றி அண்ணே என்று போட்டிருந்தார்.

பேங்க்காரரின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவை.

'பஸ்ல உக்காந்துட்டேன்டா. ஜன்னல் சீட்டு கெடைச்சுது.'

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

'உன்னைப் பாக்க உள்ள வரல. தைரியம் இல்ல. மன்னிச்சுடு.'

பிறகு வந்தது.

'உன் வீட்டம்மா இன்னைக்குத்தான்டா எங்கிட்ட ஒழுங்கா நாலு வார்த்தை பேசினாங்க. இத்தனை வருஷமும் தண்ணி குடுத்துட்டு உள்ள போயிடுவாங்க. நானும் என்ன ஏதுன்னு கேட்டதில்ல. பாவம், நீயும் போயிட்டே. அவங்களுக்குப் பேச்சுத் துணைக்குன்னு யாராவது இருக்காங்களா?'

அதை அவள் இரண்டு தரம் படித்தாள். விரல்கள் தாமாகவே எழுத்துகளின் மேல் போய் நின்றன. உள்ளறையில் மகள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீபோர்டு இருந்த தட்டை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினாள்.

பேங்க்காரர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. அது நின்றது. மறுபடி காட்டியது. அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.